தசை வளர வேண்டும், தொந்தி வளரக் கூடாது!

“என் பையன் ஓமக்குச்சி மாதிரி இருக்கிறான். எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை.”

இப்படிக் கவலைப்படும் தாய் இல்லாத தெரு உண்டா?

பையனுக்கும் அதே கவலைதான். கண்ணாடி முன் நிற்கிறான். கையை மடக்கிப் பார்க்கிறான். சட்டை தோளில் தொங்குகிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

ஒரு நாள் ஜிம்முக்குப் போகிறான். அங்கே ஓர் அண்ணன் சொல்கிறார்: “தம்பி, உடம்பு ஏற வேண்டுமா? சாப்பிடு! கணக்குப் பார்க்காமல் சாப்பிடு!”

பையன் சாப்பிடுகிறான். காலையில் பத்து இட்லி. மதியம் மலை போல் சோறு. இரவில் பரோட்டா. நடுநடுவே பழம், இனிப்பு, குளிர்பானம். பெரிய பொடி டப்பா ஒன்றும் வீட்டுக்கு வருகிறது. அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அதற்குப் போகிறது.

நான்கு மாதம் ஆகிறது. உடம்பு ஏறிவிட்டது. ஆனால் ஏறிய இடம் எது? தோள் அல்ல. மார்பு அல்ல. வயிறு!

ஏன் இப்படி ஆகிறது? உடம்பு வளர எவ்வளவு சாப்பிட வேண்டும்? எதைச் சாப்பிட வேண்டும்? இன்று அதைப் பார்ப்போம்.

தராசு சொன்ன பொய்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் சேர்ந்தபோது என் எடை 48 கிலோ. காற்றடித்தால் பறந்துவிடுவேன் என்று விடுதியில் சிரிப்பார்கள். எனக்கு ரோஷம் வந்தது. தினமும் இரவு ஐந்து பரோட்டா சாப்பிட்டேன். படுக்கும்முன் இரண்டு வாழைப்பழம். ஊருக்குப் போனால் அம்மா நெய்யை ஊற்றினார். பயிற்சி மட்டும் “நாளைக்கு, நாளைக்கு” என்று தள்ளிப்போனது.

நான்கு மாதத்தில் 55 கிலோ ஆனேன். ஏழு கிலோ லாபம்! தராசில் இருந்து குதித்து இறங்கினேன்.

மறுநாள் பழைய கால்சட்டையை எடுத்தேன். பொத்தான் எட்டவில்லை. சட்டைக் கையைப் பார்த்தேன். அது பழையபடியே தொளதொள என்று இருந்தது. கை குச்சி, வயிறு குடம்!

அன்றுதான் ஓர் உண்மை புரிந்தது. தராசு எடையைச் சொல்லும். அது என்ன எடை என்று சொல்லாது.

“சதை போட்டிருக்கிறது” என்று நாம் சொல்கிறோம். அதில் இரண்டு உண்டு. ஒன்று தசை. அது உழைக்கும். மூட்டையைத் தூக்கும். படியில் ஏறும். இன்னொன்று கொழுப்பு. அது சேமிப்பு. ஓரளவு வேண்டும். அளவு மீறினால் பாரம். நமக்கு வேண்டியது முதலாவது. கண்டபடி தின்றால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது.

கலோரி என்றால் என்ன?

விறகுக்குச் சூடு உண்டு. சோற்றுக்கும் உண்டு. நாம் உண்ணும் உணவு உடம்புக்குள் மெல்ல எரிகிறது. அந்தச் சூட்டில்தான் நாம் நடக்கிறோம், பேசுகிறோம், மூச்சு விடுகிறோம். உணவில் உள்ள சூட்டை அளக்கும் படிதான் கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. உணவுக் கணக்கில் நாம் சொல்வது இதைத்தான்.

ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. எண்ணெயில் பொரித்த பண்டம் ஏன் சட்டென்று உடம்பை ஏற்றுகிறது என்பது இதிலேயே விளங்கும்.

வளர்ந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை கலோரி வேண்டும்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் கணக்குக் கொடுத்தது. 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்தால் 2,110. நடுத்தர உழைப்புக்கு 2,710. கடும் உழைப்புக்கு 3,470. பெண்ணுக்கு 55 கிலோ எடை என்று வைத்து முறையே 1,660, 2,130, 2,720.

செலவுக்குச் சமமாக வரவு இருந்தால் எடை மாறாது. வரவு குறைந்தால் உடம்பு இளைக்கும். வரவு கூடினால் உடம்பு ஏறும். மாதச் சம்பளக் கணக்கு போலத்தான். மிச்சப்படுவதைத்தான் நாம் இங்கே ‘உபரி’ என்கிறோம்.

அந்த உபரி தசையாக ஆகுமா, கொழுப்பாக ஆகுமா? கேள்வி அங்கேதான்.

வீடு கட்டும் கணக்கு

ஒரு வீடு கட்டுகிறோம். செங்கல் வேண்டும். கொத்தனாருக்குக் கூலி வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், “இங்கே ஓர் அறை கட்டு” என்று ஒருவர் உத்தரவு போட வேண்டும்.

உடம்பில் செங்கல் என்பது புரதம். கூலி என்பது கலோரி. உத்தரவு போடுவது தேகப்பயிற்சி.

உத்தரவே இல்லை, ஆனால் தினமும் ஒரு லாரி செங்கல் வந்து இறங்குகிறது. என்ன ஆகும்? வாசலில் குவியும். வழியை அடைக்கும். அந்தக் குவியல்தான் தொந்தி.

உத்தரவு இருக்கிறது, செங்கல் இல்லை. அப்போதும் சுவர் எழும்பாது. பட்டினி கிடந்து பாரம் தூக்கும் பையனின் நிலைமை அதுதான்.

மூன்றும் இருந்தால்? அப்போதும் கொத்தனார் ஒரு நாளில் ஓரளவுதான் கட்டுவார். கூலியைப் பத்து மடங்கு கொடுத்தாலும் பத்து வீடு எழும்பாது.

தசையும் அப்படித்தான். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். ஒரு கிலோ தசையில் இருக்கும் புரதம் சுமார் 200 கிராம். அந்த ஒரு கிலோ வளரவே பலருக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதற்காக அண்டா அண்டாவாகச் சாப்பிட வேண்டியது இல்லை.

அதிகம் தின்றால் அதிகம் வளருமா?

நார்வே நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது.

39 விளையாட்டு வீரர்கள். எல்லோருக்கும் பாரம் தூக்கும் பயிற்சி. ஒரு பிரிவினர் தங்கள் விருப்பப்படி சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் எடை ஏற வேண்டும் என்று திட்டம் போட்டு, அவர்களைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரண்டு, மூன்று மாதம் இப்படி நடந்தது.

அதிகம் சாப்பிட்டவர்களுக்கு எடை அதிகம் ஏறியது. அது எதிர்பார்த்ததே. தசை? கொஞ்சம் கூடியது போலத் தெரிந்தது. ஆனால் இரு பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

கொழுப்பைப் பாருங்கள். விருப்பப்படி சாப்பிட்டவர்களுக்கு உடம்புக் கொழுப்பு 3 சதவீதம் கூடியது. அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 15 சதவீதம் கூடியது!

தினமும் கடும் பயிற்சி செய்யும் வீரர்களுக்கே இந்தக் கதி. வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போய், அதில் பாதி நேரம் கைப்பேசி பார்க்கும் தம்பிக்கு என்ன ஆகும்?

இரண்டு டாக்டர்கள்

“கொஞ்சம் தொந்தி போட்டால் என்ன? பிறகு குறைத்துக்கொள்ளலாம்” என்று சிலர் கேட்கலாம்.

வெள்ளைக்காரருக்கு அது எப்படியோ. நமக்கு அது ஆபத்து. காரணம் சொல்கிறேன்.

புனே நகரில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர். லண்டனில் யூட்கின் என்று ஒரு டாக்டர். இருவரும் நண்பர்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே எண். 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லிதான்.

பிறகு உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தார்கள். லண்டன் டாக்டருக்கு 9.1 சதவீதம். புனே டாக்டருக்கு 21.2 சதவீதம்! இரண்டு மடங்குக்கும் மேல்!

இருவரின் படத்தோடும் இந்தச் செய்தி 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. உலகம் முழுவதும் டாக்டர்கள் பேசினார்கள்.

நம் நாட்டவரில் பலருக்கு உடம்பு இப்படி. வெளியே ஒல்லி. உள்ளே கொழுப்பு. தசை குறைவு. அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றிச் சேரும். வயிற்றுக் கொழுப்பு சர்க்கரை நோய்க்கு வாசல் திறந்துவிடும்.

சென்னையை மையமாகக் கொண்டு நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் நோயின் வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவே நம் பிள்ளைகளுக்குத் தசை வேண்டும். கட்டாயம் வேண்டும். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பதில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தசையைத் தேடிப் போய் தொந்தியை வாங்கி வரக் கூடாது.

எவ்வளவு கூடுதல்?

பதில் சுருக்கமானது. புதிதாகப் பயிற்சி தொடங்கும் ஒல்லியான வாலிபருக்கு, வழக்கமான உணவுக்கு மேல் நாள் ஒன்றுக்குச் சுமார் 300 கலோரி போதும். மிகவும் ஒல்லியாக இருந்து கடுமையாகப் பயிற்சி செய்தால் 500 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

300 கலோரி என்றால் எவ்வளவு?

ஒரு தம்ளர் பால், 200 மில்லி: சுமார் 130 கலோரி. ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம்: சுமார் 170 கலோரி. இரண்டும் சேர்ந்தால் 300. அவ்வளவுதான்! அதில் புரதமும் 13 கிராம் கிடைத்துவிடும்.

பால் ஒத்துக்கொள்ளவில்லையா? இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம், பத்துப் பதினைந்து நிலக்கடலை. கணக்கு ஏறத்தாழ அதே.

பத்து இட்லி வேண்டாம். ஐந்து பரோட்டா வேண்டாம். ஒரு தம்ளர் பாலும் ஒரு கைப்பிடி கடலையும் போதும். கேட்டால் நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும் அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வேறு விதமாகக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 1,000 கலோரி வீண் உபரி என்றால் ஒரு மாதத்தில் 30,000. கிட்டத்தட்ட நான்கு கிலோ கொழுப்புக்கு அது முதல்! சின்ன உபரியில் தவறு நடந்தாலும் சின்னத் தவறுதான். பெரிய உபரியில் தவறு நடந்தால் சட்டையை மாற்ற வேண்டிவரும்.

குன்னூரில் எலிகள் சொன்ன பாடம்

கலோரி மட்டும் போதாது. எதில் இருந்து வருகிறது என்பதும் முக்கியம்.

நம் நீலகிரி மலையில், குன்னூரில், 1918-ல் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன். அந்தக் கூடம் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

மெக்காரிசன் எலிக் கூட்டங்களுக்கு விதவிதமான சாப்பாடு போட்டார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. ஒரு கூட்டத்துக்கு வங்காளிகள் உணவு. ஒரு கூட்டத்துக்குச் சென்னை மாகாணத்து உணவு. அதில் பெரும்பகுதி அரிசி.

கொழுகொழு என்று வளர்ந்தவை சீக்கியர் உணவு தின்ற எலிகள். எடையில் கடைசியாக வந்தவை எவை? நம் சாப்பாடு தின்றவை!

அரிசி கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வெறும் அரிசி போதாது என்றுதான் அர்த்தம். அரிசியோடு என்ன சேர்க்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். இன்றும் பல வீடுகளில் தட்டு நிறையச் சோறு. குழம்பில் பருப்பைத் தேட வேண்டும்.

சாதாரண வாழ்க்கைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று நிறுவனம் சொல்கிறது. 55 கிலோ உள்ளவருக்கு அது சுமார் 46 கிராம். தசை வளர்க்கப் பயிற்சி செய்பவருக்கு அதைவிட அதிகம் வேண்டும். எவ்வளவு? 49 ஆய்வுகளை, 1,863 பேரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018-ல் ஒரு முடிவு சொன்னார்கள். கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் இருக்கிறது. அதற்கு மேல் சாப்பிட்டுப் பெரிய லாபம் இல்லை.

55 கிலோ உள்ளவருக்கு அது 88 கிராம். நம் வீட்டுச் சமையலில் கிடைக்குமா? கிடைக்கும். பாருங்கள்.

காலை: நான்கு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. சுமார் 24 கிராம்.

மதியம்: சோறு, கெட்டியான பருப்புக் குழம்பு, 100 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர். சுமார் 38 கிராம்.

மாலை: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு தம்ளர் பால். சுமார் 16 கிராம்.

இரவு: மூன்று சப்பாத்தி, பருப்புக் கூட்டு. சுமார் 12 கிராம்.

மொத்தம் 90 கிராம்!

சைவ வீடா? மீனுக்குப் பதில் 40 கிராம் சோயா உருண்டை. அதில் 20 கிராம் புரதம் உண்டு. முட்டைக்குப் பதில் ஒரு தம்ளர் பாலும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும். கணக்கு சரியாகிவிடும். அரிசியும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். நம் முன்னோர் இட்லியில் உளுந்தைச் சேர்த்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

ஒரே வேளையில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. வயிறும் தாங்கும்.

டப்பாவும் ஊசியும்

இனி அந்தப் பொடி டப்பாவுக்கு வருவோம்.

பாலில் இருந்து பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிந்த நீரில் உள்ள புரதத்தை உலர்த்தித் தூளாக்குகிறார்கள். புரதப் பொடிகளில் பெரும்பாலானவை அதுதான். அது விஷமும் அல்ல, அமிர்தமும் அல்ல. நல்ல பொடியில் ஒரு கரண்டிக்குச் சுமார் 24 கிராம் புரதம் இருக்கும். நான்கு முட்டையில் இருப்பதும் அதுவே. எது மலிவு என்று உங்கள் ஊர்க் கடையில் கேட்டுப் பாருங்கள்.

“எடை ஏற்றும் பொடி” என்று இன்னொரு வகை வரும். டப்பா பெரியது. விலையும் பெரியது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்.

கேரளத்து டாக்டர்கள் கடையில் விற்கும் 36 வகைப் புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதப் பொடிகளில் டப்பாவில் அச்சிட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. காசு கொடுத்து ஏமாறலாமா?

டப்பாவோடு நின்றால் நஷ்டம் பணத்தோடு போயிற்று. சில இடங்களில் அடுத்தபடியாக ஊசி வருகிறது. “இரண்டே மாதத்தில் உடம்பு” என்று காதில் ஓதுகிறார்கள்.

தம்பிமார்களே, அந்தப் பக்கம் போகாதீர்கள்! அவை ஆண் சுரப்பியின் சாயலில் செய்த ஸ்டீராய்டு மருந்துகள். அளவுக்கு மீறிப் போட்டால் இதயம் கெடும். ரத்த அழுத்தம் ஏறும். கல்லீரல் பாதிக்கப்படும். விதைகள் சுருங்கும். பிள்ளைப்பேறு இல்லாமல் போகலாம். அறுவைச் சிகிச்சையின்போது இறங்கிப்போன ரத்த அழுத்தத்தை ஏற்ற டாக்டர்கள் போடும் மருந்தைக்கூட, பயிற்சிக்கு வேகம் வரும் என்று திருட்டுத்தனமாக விற்கிறார்கள். பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. பையன் பையில் ஊசி இருந்தால் அடிக்காதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கல்லைத் தூக்கியவன்

உத்தரவு போடுவது பயிற்சி என்றேன். அதை மறந்தால் மேலே சொன்ன சாப்பாடு அத்தனையும் வீண்.

தென் மாவட்டக் கிராமங்களில் இன்றும் இளவட்டக்கல்லைப் பார்க்கலாம். உருண்டையான, வழுவழுப்பான கல். பொங்கல் சமயத்தில் வாலிபர்கள் அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போடுவார்கள். தூக்கினால்தான் பெண் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் பேச்சு. எந்த வாலிபனும் முதல் நாளே பெரிய கல்லைத் தூக்கியது இல்லை. சின்னக் கல்லில் பழகிப் பெரிய கல்லுக்கு வந்தான்.

தசை வளரும் ரகசியமும் அதுதான். பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். நேற்று பத்து தண்டால் என்றால் அடுத்த வாரம் பன்னிரண்டு. தண்டால், பஸ்கி, கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்தல், பாரம் தூக்குதல். உடம்பின் எல்லாத் தசைக்கும் வாரத்தில் இரண்டு முறையாவது வேலை கொடுங்கள். “இனி இரண்டு முறைதான் முடியும்” என்ற நிலை வரும்வரை செய்யுங்கள். பிறகு ஓய்வு கொடுங்கள். இரவில் ஏழு, எட்டு மணி நேரம் தூங்குங்கள். வளர்ச்சிக்கு ஓய்வும் தூக்கமும் வேண்டும்.

வசதி இல்லையே என்று கேட்பவர்கள் மனோகர் ஐச் கதையைக் கேளுங்கள். 1912-ல் இன்றைய வங்காளதேசத்தில் பிறந்தவர். உயரம் 4 அடி 11 அங்குலம்தான். வெள்ளையர் ஆட்சியில் விமானப்படையில் வேலை பார்த்தார். வெள்ளை அதிகாரியை அறைந்தார் என்று சிறையில் போட்டார்கள். சிறையில் என்ன கருவி இருக்கும்? வெறும் உடம்பை வைத்தே மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். 1952-ல் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ பட்டம் பெற்றார்! அவர் சாப்பாடு சோறு, பருப்பு, மீன், காய்கறி, பழம், பால். 104 வயது வரை வாழ்ந்து 2016-ல் மறைந்தார்.

தராசோடு டேப்பும்

சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தையல்காரர் டேப்பால் தொப்புளைச் சுற்றி இடுப்பை அளங்கள். இரண்டையும் நாட்காட்டியில் எழுதுங்கள்.

வாரத்துக்கு உடம்பு எடையில் நூற்றில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை ஏறினால் சரி. 55 கிலோ உள்ளவருக்கு அது 140 கிராம் முதல் 275 கிராம் வரை. மாதத்துக்கு அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ.

எடை ஏறுகிறது, இடுப்பு அதிகம் மாறவில்லை, தூக்கும் பாரமும் கூடுகிறது. அப்படியானால் வளர்வது தசை. சபாஷ்!

எடையோடு இடுப்பும் வேகமாக ஏறுகிறது. அப்படியானால் கடலையைப் பாதியாக்குங்கள். இரண்டு, மூன்று வாரம் எடையே ஏறவில்லையா? இன்னும் ஒரு தம்ளர் பால் சேருங்கள்.

ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு டாக்டர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள்.

யாருக்கு உபரி வேண்டாம்?

ஏற்கெனவே தொந்தி உள்ளவர்களுக்கு வேண்டாம். அவர்களுடைய உபரி வயிற்றிலேயே மூட்டை கட்டி வைத்திருக்கிறது! புரதத்தைக் கூட்டி, பயிற்சியைத் தொடங்கினால் போதும். புதிதாகத் தொடங்குபவருக்குக் கொழுப்புக் கரைந்துகொண்டே தசையும் வளரும்.

சிறுநீரக நோய், சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டும் காரணம் இல்லாமல் இளைத்துக்கொண்டே போனால் முதலில் பரிசோதனை செய்யுங்கள். காசநோயாக இருக்கலாம். சர்க்கரையாக இருக்கலாம்.

பெண்களுக்கு? நிச்சயம் வேண்டும். பாரம் தூக்கினால் ஆண் போல் ஆகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். ஆகமாட்டீர்கள். வயது ஏற ஏறத் தசை கரைகிறது. பாட்டி தரையில் இருந்து எழக் கையூன்றுவது அதனால்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சக் குழம்பில் சாப்பிடும் தாய்மார்களே, வீட்டில் புரதம் குறைவாகச் சாப்பிடுபவர் பெரும்பாலும் நீங்கள்தான். உங்கள் தட்டிலும் ஒரு முட்டை இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை

அன்பு வைத்தவர்கள் அதிகம் போடுவார்கள். அது நம் வீட்டு வழக்கம். “இன்னும் ஒரு கரண்டி” என்பது நம் ஊரில் பாசத்தின் பாஷை.

அந்தப் பாசம் மாற வேண்டாம். கரண்டியில் இருப்பது மாறட்டும். மூன்றாவது முறை சோறு போடும் இடத்தில் இரண்டாவது முறை பருப்புப் போடுங்கள். பையன் கேட்கும் டப்பாப் பணத்துக்கு வீடு முழுவதற்கும் முட்டையும் பாலும் வாங்குங்கள். அப்பாவும் மகனும் சேர்ந்து மொட்டை மாடியில் பத்து தண்டால் போடட்டும்.

நான் இழந்தது நான்கு மாதம்தான். தொந்தியைக் கரைக்க அதைவிட அதிக காலம் ஆயிற்று. பிறகு முறையாகத் தொடங்கினேன். இப்போது என் எடை 61 கிலோ. எந்தப் பயில்வானும் அல்ல. ஆனால் அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். பொத்தானும் எட்டுகிறது.

உடம்பு ஒரு நாளில் வளராது. ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி கடலை, கொஞ்சம் வியர்வை, நிறையப் பொறுமை. தசைக்கு விலை அவ்வளவுதான். தொந்திக்கு விலை அதைவிட அதிகம்!